நாற்பத்தோராவது துளை

பாரிஸை மூன்று முறை கட்டியிருக்கிறேன்,
மாஸ்கோவை ஐந்து முறை.
பியூனஸ் அயர்ஸுக்கு ஒரே ஒரு தெருமுனைதான்,
அதற்குமேல் பணமில்லை என்றார்கள்.
எல்லாமே புடாபெஸ்டில்,
ஒரு டிராம் டிக்கெட் செல்லும் தூரத்துக்குள்.

எங்கள் ஊர் அப்படி,
வாடகைக்கு முகம் கொடுக்கும்.
ஒரு பெயர்ப்பலகையைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால்
மறுபேச்சின்றி அந்த ஊராகிவிடும்.

முதல் வேலை எழுபத்து நான்கில்:
பழசாக்குவது.
காகிதத்துக்குத் தேநீர்,
சட்டைக் காலருக்குச் சாம்பல் கரைத்த எண்ணெய்,
கல்லில் பாசி பிடிக்கத் தயிர்.
நான்கு வருடம் எதையும் புதிதாகச் செய்யவில்லை,
புதியதைக் கெடுத்தேன்.
நன்றாகக் கெடுக்கிறாள் என்று பெயர் வாங்கினேன்.
திரையில் அந்தப் பெயர் வரவில்லை.

பிறகு பனி.
உப்பு, தீயணைப்பு நுரை, உருளைக்கிழங்குத் தூள்.
ஒரு ஜூலையில் தெரு முழுக்கக் கொட்டினோம்.
இரவு மழை.
விடிந்தபோது புறாக்கள்
லெனின்கிராடைத் தின்றுகொண்டிருந்தன.

நீளமான தெருவுக்கு இடமில்லாத ஸ்டூடியோவில்
கோடியிலிருந்த கதவுகளைப்
பாதி உயரத்துக்குக் குறைத்தேன்.
அங்கே நடமாடப் பள்ளிக்கூடப் பையன்கள்,
ஓவர்கோட்டும் ஒட்டு மீசையுமாக.
ஒருவன் அழுதான்.
தூரத்தில் இருந்ததால் படத்தில் தெரியவில்லை.

(என் சொந்த வீட்டின் ஜன்னல்களுக்கு
பதினோரு வருடமாகத் திரைச்சீலை இல்லை.
யெனோ போகும்போது அதைத்தான் சொல்லிவிட்டுப் போனான்.
வேறு காரணமும் இருந்திருக்கும்.)

கடைசியில் அந்தப் போர்ப்படம்.
எட்டாம் வட்டாரத்தில் ஒரு நான்கு மாடிக் கட்டடம்,
முகப்பில் ஏற்கெனவே குண்டுத் துளைகள்,
ஐம்பத்தாறில் விழுந்தவை.
வெளிநாட்டு இயக்குநர் அண்ணாந்து பார்த்தார்.
இவை நம்பும்படியாக இல்லை, என்றார்.

நம்பும்படியாக நாற்பது செய்தேன்.
சாந்து பூசி, உளியால் கொத்தி, கரித்தூள் ஊதி,
இரண்டு மதியங்களில் முடிந்தது.
ஒப்பந்தப்படி படப்பிடிப்புக்குப் பின்
எங்களுடையதை நாங்களே அடைக்க வேண்டும்.
என் பையன்கள் சாரம் கட்டி அடைத்தார்கள்,
நாற்பத்தொன்று.

திங்கட்கிழமை தொலைபேசி.
மூன்றாம் மாடி, ஷரோல்தா வத்னாய்.
"அதில் ஒன்று எங்களுடையது."

எது என்றேன்.
சமையலறை ஜன்னலுக்கு இடப்பக்கம்,
ஒரு கை அகலம் தள்ளி.
யார் கை?
அளவு வேண்டுமே என்றுதான் கேட்டேன்.
எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, "என் கை போதும், வாருங்கள்."

படப்பிடிப்புக்கு முன் எடுத்த புகைப்படத்தைத் தேடினேன்.
இருந்தது.
கீழ் உதடு சற்றுக் கிழிந்த துளை,
உள்ளே செருகிய ஒரு தீக்குச்சி.
அதையும் வைக்கவா என்று கேட்டேன்.
"அது வேண்டாம்.
அது வெறும் தீக்குச்சி."

காலை எட்டுக்குச் சாரத்தில் ஏறினேன்.
அவள் உள்ளிருந்து ஜன்னலைத் திறந்து
கையைச் சுவரில் பதித்துக் காட்டினாள்.
சுண்டுவிரல் முடியும் இடத்தில் பென்சிலால் குறித்தேன்.

நாற்பத்திரண்டு வருடத் தொழில்,
மூன்று கோப்பைகள்.
உளி கையில் நழுவிக்கொண்டே இருந்தது.
கொத்துவேன், படத்தைப் பார்ப்பேன், பூசுவேன்,
மறுபடி கொத்துவேன்.
மதியம் ஒரு தட்டில் வெங்காயமும் ரொட்டியும் நீட்டினாள்.
அங்கேயே நின்று தின்றேன்.
எந்த நாள், யார், எப்படி
என்று அவள் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
அதற்கேற்றபடி செய்திருப்பேன், கெட்டுப்போயிருக்கும்.

ஐந்து மணிக்கு
ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள்.
"கொஞ்சம் ஆழம்."
ஆழமாக்கினேன்.
"இன்னும்."

இரண்டாம் கணு வரை போனதும்
விரலை எடுத்தாள், ஏப்ரனில் துடைத்தாள்,
ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

கீழே பையன்கள் கேட்டார்கள்,
சாரத்தைப் பிரிக்கலாமா?
படத்தில் அந்த முகப்பு நான்கு வினாடி வரும்.
அந்த ஜன்னல் வராது.
பிரியுங்கள் என்றேன்,
மெதுவாக, சுவரில் இடிக்காமல்.